பத்தொன்பதாவது ஃபியூஸ் கட்டை

டீச்சரின் அடக்க ஆராதனைக்கு நூற்றுப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பழைய மாணவர்கள் நாற்பத்தொரு பேர். இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தவர். ஆண்டுக்கு இருபது பேர் என்று வைத்தாலும் நானூற்று நாற்பது வரும். பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்று தள்ளினாலும் நாற்பத்தொன்று குறைவுதான். நான் இரண்டு முறை எண்ணினேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை உள்ளவர்கள், "ஓ, ஃபியூஸ் ஊராம ஏணியில ஏறின டீச்சரா?" என்று கேட்பார்கள். ஒரு மனுஷியைப் பற்றி ஊருக்கு ஒரே ஒரு செய்தி தெரிந்திருக்கிறது. அதுவும் தவறானது.

பாறசாலை பக்கத்தில் இருந்த ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவர் எலெக்ட்ரீசியன் பிரிவுக்கு ஆசிரியை. நான் அங்கே இருபத்தேழு ஆண்டுகள் ஸ்டோர்கீப்பர். திருகாணி, ஹோல்டர், ஒயர் சுருள், எல்லாம் என் பூட்டுக்குள். எல்லைப் பக்கம் என்பதால் மாணவர்கள் இரண்டு மாநிலத்திலிருந்தும் வருவார்கள். பாடப்புத்தகம் ஒரு மொழியில், வகுப்பு இன்னொரு மொழியில், திட்டு இரண்டிலும்.

ஃபியூஸ் கட்டை என்றால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. போர்டிலிருந்து அதை ஊரி, அதாவது உருவி, எடுத்தால் அந்த வழியில் மின்சாரம் நிற்கும். திரும்பச் செருகினால் ஓடும். இப்போது எல்லா இடத்திலும் பிரேக்கர் வந்துவிட்டது. விரலால் தட்டினால் அணையும், யார் விரல் தட்டினாலும் எரியும். நல்ல முன்னேற்றம்.

டீச்சருக்கு ஒரு சட்டம் இருந்தது. கட்டையை ஊரினால் மட்டும் போதாது, வேலை முடியும்வரை அது உன் உடம்போடு இருக்க வேண்டும். ஊரியவன் கையால்தான் திரும்பச் செருக வேண்டும். வகுப்பில் ஒருவன் ஏணியில் கால் வைத்தால் போதும், எங்கே இருந்தாலும் அவர் குரல் வரும்.

"எலே, ஃபியூஸ் எவிட?"

"கையில டீச்சரே."

"காட்டு."

காட்ட வேண்டும். சட்டைப்பையில் வைத்திருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். குனிந்தால் விழுமாம். அவர் தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒருவன் ஒருமுறை, "போர்டுக்க மேல வச்சா என்ன டீச்சரே? யாரு எடுக்கப் போறா?" என்று கேட்டான்.

"கரண்டு இல்லியேன்னு வாறவன் ஒருத்தன் எடுத்துச் செருகிட்டுப் போவான், மக்கா. அவன் நல்லவன் ஆக்கும். உனக்கு உபகாரம் செய்யுதோம்னு நினைச்சுதான் செருகுவான். கெட்டவங்களால கரண்டு அடிச்சுச் செத்தவங்களை நான் பாத்ததில்ல."

பையன்கள் சிரித்தார்கள். நானும் ஸ்டோர் வாசலில் நின்று சிரித்தேன்.

இந்தச் சட்டத்தால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று எழுதினால் அது பொய். அவருடைய சபையில் ஒருமுறை அறுப்பின் பண்டிகைக்கு முந்திய நாள் மைக் செட் ஒயரைச் சரிசெய்யப் போனவர், பின்பக்கக் கட்டையை ஊரி இடுப்பில் செருகினார். வேலை முடிந்தது. பேச்சுவாக்கில் அப்படியே பஸ் ஏறிக் கள்ளிக்காட்டிலுள்ள வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஆராதனை தொடங்கும்போது எட்டு மின்விசிறிகளும் சுற்றவில்லை. சபைப் போதகரான ஐயர் வியர்த்துக்கொண்டே ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். டீச்சர் கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுக்கவில்லை. "நான் ஊரினதை நான்தான் போடணும்" என்று சொல்லி, அந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறாமல், புடவை மாற்றி பஸ் பிடித்து வந்தார். இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம், முழுப் பிரசங்கம் எல்லாம் காற்றில்லாமல் நடந்தன. போர்டில் கட்டையைச் செருகிவிட்டுப் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"டீச்சருக்கு ஃபியூஸ்தான் தாலி" என்று ஒரு கிழவர் சொன்னார். டீச்சர் மணம் செய்துகொள்ளாதவர். அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

மறந்துபோய் எடுத்துச் சென்றது அந்த ஒரே தடவை. இருபத்திரண்டு ஆண்டில் ஒன்று. ஆனால் அந்த ஒன்றுதான் பின்னால் அவர் கழுத்தில் விழுந்தது.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதற்குக் காரணம் உண்டு. நானும் யாருக்கும் பிடிக்காத ஒரு கேள்வியை வைத்திருந்தேன். இன்சுலேஷன் டேப்பில் ஒரு முழம் கேட்டாலும் "எதுக்கு?" என்று கேட்பேன். காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் வெளியே போகும். மற்ற ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். டீச்சர் மட்டும் நான் கேட்கும் முன்பே காரணம் சொல்வார்.

ஒரு நாள் ஏழு ஹோல்டர் வாங்கியதாக அவர் சொன்னார். நான் எட்டு என்றேன். "ஏழாக்கும் சார், நான் எண்ணிப் பாத்தேன்" என்று மேசையில் தட்டினார். நான் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். கோபத்தோடு போனவர் கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் தூசி படிந்த ஒரு ஹோல்டர்.

"பெஞ்சுக்க அடியில கிடந்தது. சார் எண்ணினா தப்பாது. நான் இனி சண்டைக்கு வரமாட்டேன்."

அதன்பின் வரவும் இல்லை. என் கணக்கை அப்படி நம்பியவர் வேறு யாரும் இல்லை. என் மனைவிகூட நம்பியதில்லை.

டீச்சர் அங்கே இருந்த கடைசி ஆண்டில் ஒரே பெட்டியில் பதினெட்டு ஃபியூஸ் கட்டைகள் வாங்கினோம். வராந்தாவிலுள்ள போர்டில் ஆறு வழிகள், ஆறுக்கும் புதிது மாற்றினோம். மீதி பன்னிரண்டு ஸ்டோரில். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை.

அதே ஆண்டு ஒரு நாள், அங்கீகாரம் புதுப்பிப்பதற்காக மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மாணவர்கள் அத்தனை பேரையும் சீருடையில் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பணிமனை காலி. டீச்சர் வேகமாக வந்தார்.

"ஒரு ஹோல்டர் தாங்க சார். பணிமனைக்குப் பின்னறையில விளக்கு எரியல்ல. வாறவங்க கண்ணுக்கு அதுதான் முதல்ல படும்."

கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். வராந்தா போர்டுக்குப் போய் நாலாவது கட்டையை ஊரிக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியதை ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலாவது வழி பணிமனை மோட்டாருக்கும் பின்னறை விளக்குக்கும் உள்ளது. ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிரின்சிபல் ஓடிவந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர், முதலாளியின் மருமகன்.

"சாரே, ஒரு ஃபியூஸ் கட்டை எடுங்க, வேகம். அவங்க மோட்டார் ஓட்டிக் காட்டச் சொல்லுதாங்க."

எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கு?" என்று கேட்கவில்லை. இருபத்தேழு ஆண்டில் நான் கேட்காமல் கொடுத்த பொருள் அது ஒன்றுதான். கையெழுத்தும் வாங்கவில்லை.

ஸ்டோரிலிருந்து போர்டுவரை முப்பத்தெட்டு அடி. அவர் நடப்பதை எண்ணினேன். எண்ண வேண்டும் என்று எண்ணுவதில்லை, அது பாட்டுக்கு நடக்கும். இருபதாவது அடியில் எனக்கு விளங்கிவிட்டது. போர்டில் காலியாக இருப்பது நாலாவது மட்டும். அது காலியாக இருந்தால் அந்த வழியில் டீச்சரின் கை இருக்கிறது என்று பொருள். மீதி பதினெட்டு அடி இருந்தது. கத்தியிருக்கலாம். அதிகாரிகள் மூவரும் போர்டுக்கு முதுகைக் காட்டி வராந்தாவில் நின்றார்கள். அவர்கள் முன்னால் ஒரு ஸ்டோர்கீப்பர் கத்தினால் நன்றாக இருக்காது என்று யோசித்தேன். இந்த யோசனைக்குப் பதினெட்டு அடியும் போய்விட்டது.

மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் முதலில் கேட்டது. ஏணி விழுந்தது அப்புறம்.

தூக்கும்போது டீச்சருக்கு நினைவு இருந்தது. வலது உள்ளங்கை வெந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்தது பின்னால்தான் தெரிந்தது. இடது கையில் கைக்குட்டையோடு கட்டையைப் பிடித்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்:

"ஃபியூஸ் எங்கிட்ட இருக்கே சார். பின்ன எப்பிடி வந்தது?"

அன்று சாயங்காலம் பிரின்சிபல் ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஸ்டோரில இப்பம் எத்தனை உண்டு?"

"பதினொண்ணு."

"எத்தனை இருக்கணும்?"

"பன்னெண்டு."

"சாரே, டீச்சர் போட மறந்துட்டுப் போயிட்டாங்கன்னுதான் நினைச்சேன். சபையில மறந்தவங்கதானே? நான் செருகினேன், இல்லேன்னு சொல்லல்ல. ஆனா நீங்க எடுத்துக் குடுத்தியளே. டீச்சர் ஊரினதை நீங்க பாக்கல்லியா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பாத்திய. ஜன்னல் அங்கதானே இருக்கு. அப்பம் நாம ரெண்டு பேரும் ஒரே கம்பியிலதான் நிக்கோம். பன்னெண்டு ஆக்கிருங்க."

மறுநாள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் பனச்சமூடு போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"ஒண்ணு மதியா சாரே? எப்பவும் டஜன் கணக்கிலல்லா வாங்குவிய?"

"ஒண்ணு போதும்" என்றேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பெரியவர், பொறுமைசாலி. டீச்சர் கையிலிருந்த கட்டையை ஒரு தாள் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அவர் முன்னால் நான் எண்ணினேன். ஸ்டோரில் பன்னிரண்டு. போர்டில் ஆறு. வாங்கிய ரசீதில் பதினெட்டு.

"அப்படியானால் இது?" என்று உறையைக் காட்டிக் கேட்டார்.

"எங்கள் கணக்கில் பதினெட்டு சார். பதினெட்டும் இருக்கிறது" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். ஓர் அடித்தல், திருத்தல் கிடையாது. "இப்படி ஒரு ஸ்டாக் புத்தகம் நான் பார்த்ததில்லை" என்றார். அவர் எழுதிய அறிக்கை இதுதான்: ஆசிரியை போர்டில் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவரிடமிருந்தது நிலையத்தைச் சேராத, சொந்தமாக எங்கோ வாங்கி வைத்திருந்த பத்தொன்பதாவது கட்டை. அதை உடம்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு என்று பிரின்சிபல் உட்பட நாலு பேர் சாட்சி. அன்றைய அவசரத்தில், ஊரிவிட்டதாக நினைத்து ஏறிவிட்டார்.

நிலையத்தைச் சேராதது என்பதால் அந்தக் கட்டையை ஆஸ்பத்திரியில் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வேலையைவிட்டு யாரும் அவரை அனுப்பவில்லை. அவராகவே எழுதிக் கொடுத்தார். தன் பொருள்களை எடுத்துப் போகக் குச்சியை ஊன்றி வந்த அன்று, இரண்டாம் ஆண்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். யாரோ ஒருவன் பின்னாலிருந்து குரலை மாற்றிக் கேட்டான்:

"டீச்சரே, ஃபியூஸ் எவிட?"

சிரித்தார்கள். டீச்சரின் இடது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். புதிதாக வந்த ஆசிரியர் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அந்த அறிக்கையைத்தான் கதையாகச் சொல்கிறாராம். டீச்சரின் சட்டத்தை டீச்சரே மீறியதாகச் சொல்லித்தான் அந்தச் சட்டத்தைப் படிப்பிக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்துக் கள்ளிக்காட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. தங்கையோடு இருந்தார். தங்கை தேநீர் வைத்துவிட்டு என்னிடம் குறைபட்டாள்.

"பாருங்க சார், ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் ஒயரிங் செய்த ஆளு. இப்பம் ஒரு ஸ்விட்ச் தொடமாட்டா. லைட் போடணும்னாலும் என்னைத்தான் விளிப்பா."

"நீ போ பிள்ளே" என்றார் டீச்சர். அவள் போனதும் மேசை இழுப்பறையைத் திறந்தார். கைக்குட்டைக்குள் அந்தக் கட்டை.

"சார், நான் எட்டு மாசமா யோசிக்கேன். நாலாவது கட்டை கொஞ்சம் இறுக்கம், ரெண்டு தடவை அசைச்சாத்தான் வரும். அன்னைக்கு அசைச்சது இந்தக் கையில இப்பவும் இருக்கு. கடையில போயி இப்பிடி ஒண்ணு வாங்கின ஓர்ம எனக்கு இல்ல. ஆனா நீங்க எண்ணினது பன்னெண்டு."

நான் தேநீரைக் குடித்தேன்.

"ஹோல்டர் ஏழுன்னு நான் சத்தியம் செய்தேன், ஓர்ம உண்டா? எட்டாவது பெஞ்சுக்க அடியில கிடந்தது. அப்பம் இதும் அதுபோல ஆயிருக்கும். நான் ஊரினேன்னு என் கை பொய் சொல்லுது."

"வயசாகுதில்லா டீச்சர்" என்றேன். அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது.

"ஒரு உபகாரம் செய்யணும் சார். இன்னும் ஒருக்கா எண்ணிப் பாருங்க. யாரும் இல்லாத நேரம், மெதுவா. பதினொண்ணுன்னா எனக்கு போன் செய்யுங்க. பன்னெண்டுன்னா செய்யண்டாம். எனக்கு மனசிலாயிரும்."

"செரி" என்றேன்.

மறுநாள் போய் எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? நான் வாங்கி வைத்தது. ஆனாலும் எண்ணினேன். அதன்பின் போனை எடுத்தேன். அவர் எண்ணில் பத்து இலக்கங்கள். ஒன்பது அழுத்தியதும் நிறுத்தினேன்.

அப்போது எனக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார் என்று நினைத்தேன். பிரின்சிபல் வேறு நிலையத்துக்குப் போனார். எனக்கு இரண்டு முழங்காலும் போயின. இப்படியே ஒன்பது ஆண்டுகள்.

போன ஆனி மழையில் டீச்சர் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் பந்தலில் தேநீர் குடிக்கும்போது தங்கை என்னைத் தேடி வந்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா போன் அடிச்சா அக்காதான் எடுக்கணும். நான் எடுக்கப்பிடாது. குச்சியை ஊணிக்கிட்டு அடுக்களையிலேருந்து ஓடி வருவா. ரெண்டு தடவை விழுந்திருக்கா. யாரு போனுக்குக் காத்திருந்தான்னு எனக்கு மனசிலாகல்ல. சாருக்கு அறியுமா?"

"அறியாது" என்றேன்.

"அக்கா ஒண்ணு தந்திருக்கா. சாருக்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னா." கைக்குட்டை துவைத்து மடித்திருந்தது. உள்ளே கட்டை. "இதை ஸ்டோரில கொண்டு சேக்கண்டாம்னு சொல்லச் சொன்னா. சாருக்க கணக்கு தப்பிப்போகுமாம்."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருநூற்று ஆறு அடி. அடிக்கு ஒரு தரம் அது நெஞ்சில் இடித்தது. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன், வெளியே வந்து விழப்பார்த்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

பழைய மாணவர்கள் நாற்பத்தொரு பேரும் என்னைக் கடந்துதான் போனார்கள். சிலர் நின்று, "சாரே, சுகமா?" என்று விசாரித்தார்கள். கையை மூடாமல், எல்லோருக்கும் தெரியும்படிதான் வைத்திருந்தேன். ஃபியூஸ் எவிட என்று ஒருவனாவது கேட்பான் என்று கடைசி ஆள் போகும்வரை நின்றேன்.

ஒருவனும் கேட்கவில்லை.